‘டிராமாட்டிக்கலி டிக்ரீஸ்ட்’: சேலத்துல 9 லட்சம் பேர் எங்க போனாங்க? (ஆங்கில வகுப்பும் புள்ளிவிவரமும்)

அஸ்தம்பட்டி மேடம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல ஒரு கலைக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா ஆங்கிலம் நடத்துறேன். இரண்டாம் ஆண்டு பி.காம். பசங்களுக்கு வரைபடத்தைப் பாத்து ஆங்கிலத்துல எழுதறது, பேசறதுன்னு ஒரு பாடம் இருக்கு. புத்தகத்துல இருக்கிற படம், எங்கேயோ ஒரு நாட்டுல யாரு டீ குடிக்கிறாங்க, யாரு காபி குடிக்கிறாங்கங்கிறது. கடைசி பெஞ்சுக்குக் கண்ணு சொருகிருச்சு.

சரி, நம்மூர்க் கணக்கையே எடுத்துக்குவோம்னு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புல சேலம் மாவட்டத்துக்கு இருக்கிற எண்ணைப் போர்டுல எழுதினேன். 1991-ல சுமார் 39 லட்சம். 2001-ல 30.16 லட்சம். 2011-ல 34.82 லட்சம். “இதை அஞ்சு வரியில சொல்லுங்க”ன்னேன்.

ஒரு பையன் எந்திரிச்சான். “தி பாப்புலேஷன் ஆஃப் சேலம் டிராமாட்டிக்கலி டிக்ரீஸ்ட் பிட்வீன் 1991 அண்ட் 2001, அண்ட் தென் இட் கிராஜுவலி ரெக்கவர்ட்.” காலம் சரி, வினையடை சரி, இணைப்புச் சொல் சரி. “வெரி குட்”னு சொல்லி டிக்கும் போட்டுட்டேன்.

ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையும்போதுதான் உறைச்சுது. 9 லட்சம் பேரு பத்து வருஷத்துல குறையணும்னா ஊர்ல பஞ்சமோ, கொள்ளைநோயோ வந்திருக்கணும். 1991-ல நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தவ. அப்படி ஒண்ணும் நடக்கலையே!

மறுநாள் வகுப்புல கேட்டேன், “அந்த 9 லட்சம் பேர் எங்க போனாங்க?” ஒருத்தன் பெங்களூருன்னான், இன்னொருத்தன் திருப்பூர்னான். மூணாவது வரிசையில ராசிபுரத்துல இருந்து வர்ற பொண்ணு, வகுப்புல வாயே திறக்காதவ, கையத் தூக்குனா.

“மேடம், அது நாங்கதான். நாமக்கல் தனி மாவட்டமாயிருச்சில்ல.”

1997 ஜனவரி 1-ல பிரிச்சாங்க. யாரும் எங்கேயும் போகலை, எல்லைக்கோடுதான் நகர்ந்திருக்கு.

என் கேள்வி இதுதான். அந்தப் பையனோட வாக்கியத்துல இலக்கணப் பிழை ஒண்ணுமில்லை. ஆனா சொன்ன சேதி பொய். நான் ஆங்கில ஆசிரியை. எண்ணைப் புரியவைக்கிறது என் வேலையா, கணக்கு வாத்தியார் வேலையா? இங்க இதே பாடம் எடுக்கறவங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

---

குகை புள்ளியியல்

மேடம், ஓய்வு பெற்ற புள்ளியியல் ஆசிரியன் நான். 31 வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை. முதல்ல அந்த ராசிபுரத்துப் பொண்ணுக்கு என் சார்பா ஒரு பேனா வாங்கிக் கொடுங்க.

கணக்கை முடிச்சுருவோம். பிரிஞ்சுபோன பகுதியைக் கழிச்சுட்டுப் பாத்தா, இப்ப இருக்கிற சேலம் மாவட்டத்துல 1991-ல இருந்தவங்க 25.7 லட்சம் சொச்சம். அது 2001-ல 30.16 ஆச்சு. ஆக அந்தப் பத்து வருஷத்துல ஏறத்தாழ 17 சதவீதம் கூடியிருக்கு! பையன் குறைஞ்சதுன்னு சொன்ன இடத்துல உண்மையில கூடியிருக்கு. இன்னும் பின்னால போனா இதே வம்பு மறுபடி வரும். 1965-ல தருமபுரி பிரிஞ்சது. மாவட்டப் பேரை மட்டும் நம்பி வருஷ வரிசை போட்டா சேலம் ரெண்டு தடவை செத்துப் பிழைச்ச ஊர் மாதிரி தெரியும்.

உங்க கேள்விக்கு வர்றேன். ‘டிக்ரீஸ்ட்’ங்கிறது வெறும் வினைச்சொல் இல்லைங்க, சாட்சி சொல்றது. அதே பொருளை, அதே எல்லைக்குள்ள, ரெண்டு தடவை எண்ணியிருந்தாத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த உரிமை உண்டு. ‘டிராமாட்டிக்கலி’ அதுக்கு மேல. அது எண்ணுல இல்லை, எழுதறவன் மனசுல இருக்கு. இது ரெண்டும் சொல் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால உங்க வேலைதான். கணக்கு வாத்தியார் தலையில கட்டாதீங்க, அவருக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கு.

---

பேண்ட் ஏழு கனவு

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க சார். ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், வெளிநாடு போறதுக்கான ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ் அகடமிக் ரெண்டாவது தடவை எழுதப்போறேன். அதுல எழுத்துத் தேர்வோட முதல் கேள்வியே இதுதான். ஒரு படம் கொடுப்பாங்க, குறைஞ்சது 150 வார்த்தை எழுதணும், 20 நிமிஷத்துக்குள்ள முடிச்சுருன்னு அவங்களே அறிவுரை சொல்வாங்க. காரணம் எழுதக்கூடாது. படத்துல இல்லாத சேதியைக் கொண்டுவந்து நுழைச்சா மார்க் போயிரும். அங்க போய் நான் “நாமக்கல் பிரிஞ்சுருச்சு”ன்னு எழுதினா, கேட்டதுக்குப் பதில் இல்லைன்னுதான் பாப்பாங்க.

அதனால தேர்வுக்குப் போறவங்களுக்கு அந்தப் பையன் சொன்னதே போதும்னு நினைக்கிறேன். நான் போன கோச்சிங் சென்டர்ல (பேர் வேண்டாம்) 40 வாக்கியம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, “இடத்தை மட்டும் நிரப்பு”ன்னாங்க. ‘விட்னஸ்ட் எ ஸிக்னிஃபிகன்ட் அப்வர்ட் ட்ரெண்ட்’, அந்த வகை.

ஆனா உண்மையைச் சொல்லிடறேன், முதல் தடவை எனக்கு எழுத்துல 5.5-தான் வந்தது.

---

அஸ்தம்பட்டி மேடம்

சிஸ்டர், கோபமெல்லாம் எதுக்கு, நீங்க சொன்னது சரிதான். காரணத்தை எழுதாதேன்னு சொல்றது வேற, புரியாம எழுதுன்னு சொல்றது வேற. அந்தத் தேர்வுல நாலு விஷயத்துக்கு மார்க் கொடுக்கறாங்க இல்லையா, முதலாவதே கேட்டதைச் செஞ்சியாங்கிறது. அதுல மொத்தப் படத்தையும் ரெண்டு வரியில சுருக்கிச் சொல்லணும். ஜெராக்ஸ் வாக்கியத்தால அதைச் செய்ய முடியாது. எது முக்கியம், எதை விட்டுடலாம்னு அது உங்களுக்கு எடுத்துக் கொடுக்காது. 5.5 அங்கதான் நின்னிருக்கும்னு நினைக்கிறேன்.

நான் பாத்த வரைக்கும் பசங்க விழற குழிகள் ரொம்பச் சின்னது. ‘இன்கிரீஸ்ட் பை’யும் ‘இன்கிரீஸ்ட் டு’வும் ஒண்ணுன்னு நினைக்கறாங்க. இதை இலக்கண விதியாச் சொன்னா ஏறாது. சூரமங்கலம் உழவர் சந்தையில தினமும் பலகையில விலை எழுதிப் போடறாங்கல்ல, ரெண்டு நாள் விலையைப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பினேன். முதல் நாள் தக்காளி 20, அடுத்த நாள் 30-ன்னு வைங்க. “தக்காளி எவ்வளவுடா ஏறுச்சு?” “பத்து ரூபா ஏறுச்சு மேடம்.” “எவ்வளவுக்கு ஏறுச்சு?” “முப்பதுக்கு ஏறுச்சு.” பாருங்க, தமிழ்ல ஒருத்தன்கூடத் தப்பு பண்ணலை! ‘க்கு’ வந்தா ‘டு’, ‘க்கு’ இல்லாட்டி ‘பை’. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. நான் மூணு வருஷமா ‘ப்ரிபோசிஷன்’னு போர்டுல எழுதி மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

‘அமௌன்ட் ஆஃப் பீப்பிள்’ இன்னொரு குழி. எண்ணக்கூடியதுக்கு ‘நம்பர்’, அளக்கக்கூடியதுக்கு ‘அமௌன்ட்’. அதுக்கு, “அரைக் கிலோ ஜனம்னு சொல்வியா?”ன்னு கேட்டா சிரிச்சுட்டே திருத்திக்கறாங்க.

---

மௌன வாசகன்

அரைக் கிலோ ஜனம் 😂 தொடருங்க.

---

ஆத்தூர் கிழங்குக்காரர் மகள்

மேடம், நான் எம்.ஏ. ஆங்கிலம், இப்ப தனியா டியூஷன் எடுக்கறேன். எனக்கு வந்த பெரிய சிக்கல் ‘பர்சென்ட்’டும் ‘பர்சென்டேஜ் பாயிண்ட்’டும். தேர்ச்சி 60 சதவீதத்துல இருந்து 75-க்குப் போனா, “15 பர்சென்ட் இன்கிரீஸ்”னு எல்லாப் பசங்களும் எழுதறாங்க, சில சமயம் பேப்பர்லயும் அப்படித்தான் போடறாங்க. அது 15 பாயிண்ட். சதவீதமாச் சொன்னா 25.

எனக்கே இது காலேஜ்ல புரியலை. எங்க வீட்டுத் திண்ணையில புரிஞ்சுது. எங்களுக்கு மரவள்ளி. ஜவ்வரிசி மில்லுக்கு லோடு போனா எடையோட முடியாது, அடுத்த கேள்வி “எத்தனை பாயிண்ட்?” கிழங்குல மாவு எவ்வளவு இருக்குங்கிறதைப் பாயிண்ட்ல சொல்வாங்க, பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னுதான் ரேட்டு. அப்பாவுக்கும் மில் ஆளுக்கும் சண்டை வர்றதே அந்தப் பாயிண்ட்லதான். அப்பா சொல்வார், “போன வாரம் 24, இந்த வாரம் 27. மூணு பாயிண்டு ஏறியிருக்கு.” ஒரு நாளும் அவர் “மூணு சதவீதம் ஏறிருச்சு”ன்னு சொன்னதில்லை. ஏன்னா பணத்தை எண்ணிப் பாத்தா மூணு சதவீதமா கூடியிருக்காது, எட்டுல ஒரு பங்கு கூடியிருக்கும். அவருக்கு அந்த வித்தியாசம் கைப்பணம்.

இப்ப டியூஷன்ல நான் இந்தக் கிழங்கை வெச்சுத்தான் ஆரம்பிக்கிறேன். ஆத்தூர்ப் பக்கத்துப் பசங்களுக்கு விளக்கமே தேவையில்லை.

---

குகை புள்ளியியல்

மகளே, உங்க அப்பா காலடியில விழணும் போல இருக்கு. 24-க்கு 3, எட்டுல ஒண்ணு. நம்ம தாத்தாக்கள் இதுக்கு ‘அரைக்கால்’னு ஒரே சொல் வெச்சிருந்தாங்க. பதினாறுல ஒண்ணுக்கு ‘வீசம்’, ‘மாகாணி’. இன்னிக்கு ‘ட்வெல்வ் பாயிண்ட் ஃபைவ் பர்சென்ட்’னு மூச்சு வாங்கறோம். அப்படியே அந்தத் தசமத்தையும் சொல்லிடறேன். ‘12.75’ஐ ‘ட்வெல்வ் பாயிண்ட் செவன்ட்டி ஃபைவ்’னு படிக்காதீங்க. புள்ளிக்குப் பின்னால ஒவ்வொரு இலக்கமாத்தான் படிக்கணும், ‘செவன் ஃபைவ்’. எழுபத்தஞ்சுன்னு படிச்சா, 12.8-ஐ விட 12.75 பெருசுன்னு பையன் காதுல விழுது. நெஜமாவே அப்படி எழுதின விடைத்தாளைத் திருத்தியிருக்கேன்.

---

மேட்டூர்க் கரை

இழை நல்லாப் போகுது. நானும் ஒரு அனுபவத்தைச் சொல்றேன். பொறியியல் கல்லூரியில படிக்கிற என் பேரன் ‘ப்ரெசன்டேஷன் ஸ்கில்ஸ்’ வகுப்புக்கு மேட்டூர் அணையை எடுத்துக்கிட்டான். அணைக்குப் பக்கத்துல பொறந்தவன், சரியாத்தான் செய்வான்னு விட்டுட்டேன். வீட்டுல ஒத்திகை பாத்தான். “தி டேம் இஸ் எய்ட்டி த்ரீ பர்சென்ட் ஃபுல்.”

எப்படிடா வந்துச்சுன்னு கேட்டா, முழு மட்டம் 120 அடி, இப்ப 100 அடி, வகுத்தேன்கிறான்.

தம்பி, அணை என்ன தீப்பெட்டியா? அடியில ஒடுங்கி மேல போகப் போக அகலமாகிற சட்டி அது. 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடி). 100 அடியில சுமார் 65 டி.எம்.சி.தான் நிக்கும். அதாவது எழுபது சதவீதம். மேல இருக்கிற 20 அடியில மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல இருக்கு. 1934-ல கட்டி முடிச்ச நாள்ல இருந்து இந்த வட்டாரத்துல டீக்கடையில உக்காந்திருக்கிற கிழவனுக்கும் தெரிஞ்ச விஷயம். ஜூன் 12 தண்ணி திறப்பாங்களான்னு பேசும்போது மட்டம் என்னன்னு கேட்டுட்டு, உடனே “இருப்பு எவ்வளவு?”ன்னு அடுத்த கேள்வி வரும். ரெண்டும் வேறன்னு தெரிஞ்சவன்தான் அப்படிக் கேப்பான்.

அடுத்த வாக்கியம் இன்னும் மோசம். “தேர் ஆர் ட்வென்ட்டி தௌசண்ட் கியூசெக்ஸ் ஆஃப் வாட்டர் இன் தி டேம்.” கியூசெக்ஸ்ங்கிறது நொடிக்கு இத்தனை கன அடின்னு ஓடற தண்ணி, தேங்கிக் கிடக்கிறது இல்லை. நாள் பூரா விநாடிக்கு 11,500 கன அடி போய்க்கிட்டே இருந்தா ஏறத்தாழ 1 டி.எம்.சி. ஆகும். சம்பளத்தையும் பேங்க் இருப்பையும் குழப்பிக்கிற மாதிரி இருக்குடான்னேன்.

அவனோட மேடம் இதைக் கேட்டுட்டு “ஃப்ளூயன்ஸி எக்ஸலன்ட்”னு எழுதிக் கொடுத்தாங்க. உங்களைச் சொல்லலைங்க மேடம். ஆனா நீங்க மேல கேட்டதுக்கு என் பதில் இதுதான். புரியாத சரளம் ஆபத்து, கேக்கறவன் நம்பிருவான்.

---

பேண்ட் ஏழு கனவு

ஐயா சொன்னதைப் படிச்சப்ப எங்க வார்டு ஞாபகம் வந்துச்சு. சலைன் எத்தனை எம்.எல். ஏறியிருக்குங்கிறதும் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுங்கிறதும் வேற வேற. அதை நான் தினமும் சார்ட்ல எழுதறேன், ஒரு நாளும் குழப்பினதில்லை. ஆனா பரீட்சைப் பேப்பர்ல கோட்டுப்படம் வந்தா மூளை தனியா நின்னுருது. நான் வேலையில பாக்கறதும் இதுவும் ஒண்ணுன்னு யாரும் எனக்குச் சொல்லலை.

---

கொலுசுப் பட்டறை

ஒரு சந்தேகம். லட்சம்னு சொல்றதா, மில்லியன்னு சொல்றதா? 34,82,056-ஐ என் பையன் ‘3,482,056’னு கமா போட்டு எழுதிட்டு வந்தான். கமாவைத் தப்பா போட்டுட்டான்னு நான் திட்டிட்டேன். இப்ப அவன் என்னைத் திட்டறான்.

---

அஸ்தம்பட்டி மேடம்

ரெண்டு பேரும் சரிங்க. கேக்கறவங்க யாருங்கிறதுதான் கேள்வி. செவ்வாப்பேட்டை வியாபாரிக்கிட்ட ‘த்ரீ பாயிண்ட் ஃபோர் எய்ட் மில்லியன்’னா பொருள் நகராது, லண்டன்ல ‘தேர்ட்டி ஃபோர் லாக்’னா முழிப்பாங்க. ஒரே கட்டுரையில ரெண்டையும் கலக்காம இருந்தாச் சரி. அப்புறம் ‘த்ரீ மில்லியன்ஸ் பீப்பிள்’ வேண்டாம். எண்ணுக்குப் பின்னால வந்தா மில்லியனுக்கு ‘ஸ்’ கிடையாது.

---

ஒண்டிக்கடை டீச்சர்

ஏற்காட்டுல இருந்து எழுதறேன், பனி இறங்கினா நெட் போயிரும், அதனால ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

இங்க எல்லாரும் புரிஞ்சுக்கறதைப் பத்திப் பேசறீங்க. எனக்குச் சிக்கல் எடுத்துச் சொல்றதுல. எங்க பள்ளிக்கூடத்துல மலைக் கிராமத்துப் பிள்ளைங்க நிறைய. படத்தைப் பத்திப் பேசுன்னா, முதல் எண்ணுல ஆரம்பிச்சுக் கடைசி எண்ணு வரைக்கும் வரிசையா ஒப்பிப்பாங்க. டேபிளைப் பாத்து வாசிக்கிறதுக்கும் அதைப் பத்திப் பேசறதுக்கும் வித்தியாசம் தெரியலை. யோசிச்சுப் பாத்தா அவங்க தப்பில்லை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-ல பட்டைப் படத்தையும் கோட்டுப் படத்தையும் அச்சுல கொண்டுவந்ததே, பக்கம் பக்கமா இருக்கிற எண்ணை ஒரே பார்வையில பாக்கட்டும்னுதான். நாம அந்தப் படத்தைக் கொடுத்துட்டு, இதை மறுபடி எண்ணா வாசிடாங்கிறோம்.

அதனால ஒரு வேலை பண்ணேன். அரை மணி நேரம் ஒண்டிக்கடை ரவுண்டானாகிட்ட நின்னு வண்டி எண்ணுங்கன்னு ரெண்டு குழுவா அனுப்பினேன். ஒரு குழு ஞாயித்துக்கிழமை, ஒரு குழு செவ்வாய்க்கிழமை. கார், பைக், பஸ், ஜீப், லாரின்னு கட்டம் போட்டு கோடு கிழிச்சுட்டு வந்தாங்க, அஞ்சாவது கோட்டைக் குறுக்கால போட்டு. திங்கக்கிழமை முதல் குழு பேசுச்சு: “ஏற்காடு ரோட்ஸ் ஆர் ஆல்வேஸ் ஃபுல் ஆஃப் கார்ஸ்.” புதன்கிழமை அடுத்த குழு: “மோஸ்ட் வெஹிக்கிள்ஸ் இன் ஏற்காடு ஆர் பைக்ஸ் அண்ட் ஜீப்ஸ்.” ரெண்டு குழுவுக்கும் அடிதடி வராத குறை. நீ பொய் சொல்ற, நான் எண்ணுனேன்னு.

எந்த வார்த்தையை மாத்தினா ரெண்டும் உண்மையாகும்னு கேட்டேன். ரொம்ப நேரம் யாரும் பேசலை. அப்புறம் காபித் தோட்டத்துல அம்மா வேலை பாக்கிற ஒரு பிள்ளை சொல்லுச்சு, “டீச்சர், ‘ஆல்வேஸ்’ஐ எடுத்துட்டு ‘ஆன் சண்டே’ போடலாம்.” இன்னொருத்தன், “‘இன் ஏற்காடு’ இல்லை டீச்சர், ‘அட் ஒண்டிக்கடை’.” இலக்கணத்துல அது ரெண்டும் வினையடைத் தொடர். வேலை செய்யறது என்னவோ நேர்மைக்கு.

அதுக்கப்புறம் ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். பேச எந்திரிச்சா முதல் வாக்கியத்துல எண்ணே வரக்கூடாது. எதை, எங்க, எப்ப, யாரு எண்ணுனாங்கன்னு மட்டும் சொல்லணும். ரெண்டாவது வாக்கியம், பாத்ததும் கண்ணுல அடிக்கிற ஒண்ணு. அதுக்கப்புறம்தான் எண்ணு, அதுவும் மூணுக்கு மேல கூடாது. மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர்ப் பலகை இருக்கு. மேல வந்து இறங்கற விருந்தாளி ஒவ்வொரு வளைவா ஒப்பிச்சா கேப்பீங்களா? “தலை சுத்துச்சு, பதினஞ்சுல நிறுத்தி வாந்தி எடுத்தோம்”னா கேப்பீங்க.

---

மௌன வாசகன்

அந்தப் பதினஞ்சாவது வளைவுல நானும்தான்.

---

அஸ்தம்பட்டி மேடம்

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். உள்மதிப்பீட்டுக்காக ஆளுக்கு நாலு நிமிஷம் பேசச் சொல்லியிருந்தேன், சேலம் மாவட்டத்துல ஏதாவது ஒரு எண். ஒண்டிக்கடை டீச்சரோட ‘முதல் வரியில எண் கூடாது’ விதியையும் போட்டுட்டேன். ஒண்ணை மட்டும் விவரமாச் சொல்றேன், குகை சாரோட அபிப்பிராயம் வேணும்.

எடப்பாடிப் பக்கத்துல இருந்து வர்ற ஒரு பொண்ணு குழந்தைகள் பாலின விகிதத்தை எடுத்துக்கிட்டா. ஒத்திகைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா. முதல்ல அவ எழுதியிருந்தது, “இன் 2001, தேர் வேர் ஒன்லி 851 கேர்ள்ஸ் இன் சேலம்.” கூட வந்த தோழி, “ஊருக்கே 851 பொண்ணுங்களாடி?”ன்னு சிரிச்சா. நான் ஒண்ணும் சொல்லலை. அவளே திரும்பிப் போய், ‘ஃபார் எவ்ரி தௌசண்ட் பாய்ஸ்’ சேத்துட்டு வந்தா. அப்புறம் ‘ஏஜ்ட் ஸீரோ டு ஸிக்ஸ்’ சேத்தா. வாக்கியம் ஒவ்வொரு தடவையும் நீண்டுக்கிட்டே போச்சு, ஒவ்வொரு தடவையும் உண்மைக்குக் கிட்ட வந்துச்சு.

அடுத்து ஸ்லைடு. 2001-ல 851, 2011-ல 916. ரெண்டு பட்டை. எக்ஸெல் போட்டுக் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருந்தா. ரெண்டு எண்ணும் நெருக்கமா இருந்ததால, அது தானாவே பூஜ்யத்தை விட்டுட்டு மேல எங்கேயோ ஆரம்பிச்சிருந்தது. 916 பட்டை 851-ஐப் போல மூணு மடங்கு உசரமா நிக்குது! பாக்கறவங்க பெண் குழந்தைங்க மூணு மடங்காயிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க. அச்சைப் பூஜ்யத்துல ஆரம்பிம்மான்னேன். ஆரம்பிச்சா ரெண்டு பட்டையும் ஒரே உசரம் மாதிரி தெரியுது. “இப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கே மேடம்”கிறா. அவ சொல்றதும் நியாயம்தானே? ஆயிரத்துக்கு 65 சின்ன விஷயமா?

மூணாவது, காரணம். “பிகாஸ் ஆஃப் தி கிரேடில் பேபி ஸ்கீம், தி ரேஷியோ இன்கிரீஸ்ட்.” தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல நம்ம சேலத்துலதான் ஆரம்பிச்சது, அதனால அவளுக்கு அது மேல ஒரு பிடிப்பு. “அதனாலதான் கூடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”னு கேட்டேன். நடுவுல ஸ்கேன்ல பாலினம் பாத்துச் சொல்லக்கூடாதுன்னு 1994-ல சட்டம் வந்திருக்கு, படிப்பு கூடியிருக்கு, எத்தனையோ இருக்கு. கொஞ்ச நேரம் நகத்தைக் கடிச்சுட்டு, ‘பிகாஸ் ஆஃப்’ஐ அடிச்சுட்டு ‘ஆஃப்டர்’னு எழுதினா. அப்புறம் அதையும் அடிச்சுட்டா. “1992-ல ஆரம்பிச்சும் 2001-ல 851தானே மேடம் இருந்துச்சு”ன்னா. நான் அதை யோசிக்கவே இல்லை.

வகுப்புல பேசும்போது அந்த நாலு நிமிஷம் ஒருத்தரும் செல்லைத் தொடலை. முடிச்சுட்டு, ஸ்லைடுல 916-ஐக் காட்டி, எழுதி வெச்சிருந்த ஆங்கிலத்தை விட்டுட்டுத் தமிழ்ல சொன்னா: “2011-ல எனக்கு அஞ்சு வயசு. இதுல நானும் ஒருத்தி. நம்ம கிளாஸ் பொண்ணுங்க எல்லாருமே இதுல இருக்கோம்.” ராசிபுரத்துக்காரி உடனே, “நான் நாமக்கல் கணக்குடி”ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டோம்.

மார்க் போட்டுட்டேன். தமிழ்ல பேசினதுக்குக் குறைக்கலை. ஆனா அந்தப் பட்டைப் படம் இன்னும் உறுத்துது சார். பூஜ்யத்துல ஆரம்பிச்சா மறைக்குது, மேல ஆரம்பிச்சா ஊதுது. என்னதான் பண்றது?

---

குகை புள்ளியியல்

மேடம், பட்டை வேண்டாம். பட்டைன்னா உசரம்தான் பேசும், அதனால பூஜ்யத்துல நிக்கணும். அந்தப் பொண்ணு கேக்கற கேள்விக்குப் பட்டை சரியான படம் இல்லை. ரெண்டு புள்ளி வெச்சு ஒரு கோடு போடச் சொல்லுங்க. கோட்டுக்கு எங்க வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், அச்சுல எண்ணு தெளிவா இருந்தாப் போதும்.

அவசியமா இன்னொண்ணு. 1000-ஐ இலக்கா வெச்சு ‘149 பேர் காணோம்’னு எழுத விட்டுடாதீங்க, அடுத்து அதைத்தான் செய்வா. இயற்கையாவே பொறக்கும்போது ஆண் குழந்தை கொஞ்சம் கூடுதல், 100 பொண்ணுக்கு 105 பையன்னு வெச்சுக்கலாம். அப்படின்னா ஆயிரத்துக்கு 950 சுத்தி. அந்த 950-ல ஒரு புள்ளிக்கோடு போடச் சொல்லுங்க. 2001-ல அந்தக் கோட்டுக்கும் சேலத்துக்கும் நடுவுல நூறு, 2011-ல முப்பத்தி சொச்சம். தமிழ்நாட்டுக் கோட்டையும் பக்கத்துல போடலாம், 942, 943, ஏறத்தாழ படுத்தே கிடக்குது. சேலம் கீழ இருந்து அதை நோக்கி ஏறுது. பட்டையில தெரியாதது இதுல தெரியும், பொய்யும் இல்லை.

2021-ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிருச்சு, அதனால மூணாவது புள்ளி இன்னும் இல்லை. ரெண்டு புள்ளியை வெச்சு ‘ட்ரெண்ட்’னு எழுதினா மார்க்கைக் குறைங்க.

---

ஆத்தூர் கிழங்குக்காரர் மகள்

சார், அந்தப் பொண்ணு ‘ட்ரெண்ட்’னு எழுதலை, ‘ரோஸ் பை 65’னுதான் எழுதியிருப்பா. மேடம் ‘க்கு’ சொல்லிக் கொடுத்தாச்சே.

---

அஸ்தம்பட்டி மேடம்

‘ரோஸ் டு 65’னு எழுதியிருந்தா. சிவப்பு மையில சுழிச்சிருக்கேன். கோட்டுப்படம் நாளைக்குப் போடச் சொல்றேன் சார்.